சொல்தா நீட்டிய பிளேடு

இன்று லேபில் எச்.ஐ.வி. டெஸ்ட் கேட்டேன். என் வயது அறுபத்தெட்டு.

"உங்களுக்கு எதுக்கு அங்கிள்?" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

இதே சிரிப்பை முன்பே கேள்விப்பட்டிருக்கிறேன். எண்பதுகளின் கடைசி. எய்ட்ஸ் என்பது வாலிபர்களின் வியாதி என்று நாங்கள் நம்பிய காலம்.

பெரிய மார்க்கெட் பக்கத்து சலூனில் நான் முடி வெட்டக் காத்திருந்தபோது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற கிழவர் ஒருவர், சொல்தா என்போம், சவரத்துக்கு உட்கார்ந்ததும் பையிலிருந்து புது பிளேடை எடுத்து நீட்டினார்.

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. "என் கடை மேல சந்தேகமா?"

"உன் மேல இல்லப்பா. என் மேலதான். செரச்சதும் தூக்கிப் போட்டுடு."

பக்கத்து நாற்காலியில் கத்தரிச் சத்தம் நின்றது.

"டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்த வயசுல எதுக்குன்னு சிரிச்சு அனுப்பிட்டாங்க."

இன்று நான் ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ரிசல்ட் நாளை.

அறுபதைத் தாண்டியவர்களே, உங்களைப் பார்த்தும் சிரித்தார்களா? இல்லை, நீங்கள் இன்னும் கேட்கவே இல்லையா?