ஏழு முப்பத்திரண்டு

சுனாமிக்கு அடுத்த மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல, நான் இருந்த தீவின் ஹாரியட் மலை ஏறப் போனேன். அடிவாரத்தில், கடலோரத்திலேயே முன்பின் தெரியாத ஒருவர் என்னுடன் சேர்ந்துகொண்டார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடல், வெளுத்த காக்கிச் சட்டை. கையில் கடிகாரம் கட்டியிருந்தும் என்னிடம் மணி கேட்டார்.

“ஏழு பத்து” என்றேன்.

இடது காலை இழுத்து இழுத்து, பத்தடிக்கு ஒருமுறை நின்று ஏறினார். முதல் வளைவில், கடல் நன்றாகக் கீழே போனதும் மறுபடி கேட்டார்.

“ஏழு முப்பத்திரண்டு.”

“மெயின்லேண்ட்ல ரயில்வேயா சார்? நிமிஷம் தப்பாம சொல்றீங்க.”

அவருடைய கடிகாரம் ஓடவில்லையா என்று கேட்டேன்.

“டீக்காத்தான், சரியாத்தான் ஓடுது. நானே பார்த்தா எனக்குச் சாதகமாப் பார்த்துடுவேன்.”

பிறகு கடலைப் பார்த்தபடி சொன்னார்.

“தெற்குத் தீவுல, காம்ப்பெல் பேல குவார்ட்டர்ஸ் ஆடுனதும், வீடு இடிஞ்சிரும், கடலோர மைதான்ல போய் நில்லுன்னு வீட்டுக்காரிகிட்ட நான்தான் சொன்னேன். நான் பம்ப் ஹவுஸைப் பார்க்க மேட்டுக்கு ஓடிட்டேன். தண்ணி வர அரை மணி ஆச்சு. அந்த மேடும் இந்த உயரம்தான். முட்டிவலிக்காரி, எப்படியும் ஏறியிருக்க மாட்டான்னு நெனச்சுட்டிருந்தேன். இப்ப நான் நடந்தது அவ நடை சார்.”

இருபத்திரண்டு நிமிடம். இருவருமே கணக்குப் போட்டுவிட்டோம்.

அவர் அங்கிருந்தே திரும்பி இறங்கினார். இரண்டு கால்களும் சரியாக நடந்தன.

நாளும் நேரமும் பிசகாமல் எழுதிவைப்பது என் பழக்கம். அன்றைய குறிப்பிலும் ஏழு முப்பத்திரண்டு என்றுதான் இருக்கிறது. அவரிடம் ஏழே முக்கால் என்று சொல்லியிருக்கலாம்.