பொன்முடி வளைவில் கைகாட்டிய பேய்

பள்ளிச் சுற்றுலா போய் வந்த மகள் பேய்க்கதை சொன்னாள். பொன்முடி வளைவில், மூடுபனியில், தலையில் சாக்குப் போட்ட பேய் ஒன்று பஸ்ஸை நிறுத்தக் கைகாட்டுமாம்.

அந்தச் சாக்கின் ஈர வாடை எனக்குத் தெரியும். என் பள்ளிச் சுற்றுலாவின்போது அங்கே நின்றது, தேயிலை பறிக்கும் என் சித்தி. பிள்ளைகள் "யட்சி!" என்று அலறினார்கள்.

"சார், எங்க சித்தியாக்கும். நிறுத்தச் சொல்லுங்க!"

"மிண்டாம இருடே," என்று என் வாயை அடக்கிச் சிரித்த சார், பஸ்ஸை நிறுத்தாமலே கதை கட்டினார். உயிரோடு நின்றவளைப் பேயாக்க அவருக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது. அந்தக் கதை இன்னும் ஓடுகிறது.

"அது கையில ஒரு பொதி இருக்குமாம்ப்பா. உள்ள பிள்ளைங்க தலையாம்."

"மரச்சீனிக் கிழங்கு," என்றேன். "எனக்காக அவிச்சது."