ரிக்குக்காரர் சென்னிமலை சாப்ட்வேர் போட்ட கதை

"சென்னிமலை ஒருக்காச் சொல்லீட்டான்னா சொன்னதுதானுங்க. சூரியன் மேக்கால உதிச்சாலும் உதிக்கும், நம்ம பேச்சு மாறாது."

ஆழ்துளைக் கிணறு போடும் மூன்று ரிக் வண்டிகளுக்குச் சொந்தக்காரரான திருச்செங்கோட்டுச் சென்னிமலை இந்தப் பிரகடனத்தை அஸ்தம்பட்டியில் ஒரு மாடி ஆபீசில் வெளியிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவள் சாப்ட்வேர் செய்து தரும் தேவிப்ரியா. அவள் செய்த குற்றம் இவ்வளவுதான்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆனவரைக்கும் காட்டுவோம், பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம், மனசு மாறுவது உங்கள் உரிமை, எத்தனை நாள் ஆகுமென்று சொல்வது எங்கள் உரிமை என்று விளக்கியிருந்தாள். கள் தொடாதவர் முன்னால் மொந்தையை நீட்டியதுபோல் சென்னிமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாப்ட்வேர் அவருக்கு எதற்கு என்றால், மனைவி பொன்னாத்தாளுக்காக. பொங்கல் கழிந்ததும் வண்டிகள் சத்தீஸ்கர் பக்கம் போர் போடக் கிளம்பும். வண்டிகளுக்குப் பின்னாலேயே சென்னிமலையும் கிளம்புவார். மழைக்காலம் பிறந்தால்தான் வீடு திரும்புவார். கல்யாணமான நாளாய் இதுதான் நடைமுறை. இந்த வருஷம் பொன்னாத்தாள் சத்தமே போடாமல் சொல்லிவிட்டாள்: "இந்தச் சீசனுக்கு நீங்க போனீங்கன்னா நானும் ரிக்குல ஏறிக்குவேன்." ஏறக்கூடியவள்தான். ஆகவே எந்த வண்டி எத்தனை அடி ஆழம் ஓட்டியது என்பது பொங்கலுக்குள் அவர் கைப்பேசிக்கே வந்து சேர ஏற்பாடு ஆகவேண்டும். இல்லையென்றால் தம்பதி சமேதராய்ச் சத்தீஸ்கர்.

அடிக்கணக்கு, டீசல், ஆட்களின் அட்வான்ஸ், மேப்பில் ஓடும் குட்டி லாரி என்று அவர் கேட்டதெல்லாம் ஏராளம். எதை முதலில் செய்யட்டும் என்று கேட்டதற்கு, எல்லாமே மொதல்ல என்றார். ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்று அவள் நின்றதும் மேப்பு என்றார். எதிர்க்கம்பெனிக்காரர் ஒரு கல்யாணப் பந்தியில் அப்படி ஒரு மேப்பைக் காட்டிப் பெருமையடித்ததை இன்னும் அவர் மறக்கவில்லை.

அப்புறம் அவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. சொன்னதைச் செய்கிறவர்களை எதற்குப் போய்ப் பார்ப்பது என்பது அவர் சித்தாந்தம். தமக்குப் பதிலாக மேனேஜர் சின்னண்ணனை அனுப்பினார். சின்னண்ணன் ஆட்டையாம்பட்டி முறுக்குப் பொட்டலத்தோடு வருவார், காட்டியதையெல்லாம் "சூப்பருங்க" என்பார், பாதி முறுக்கைத் தாமே தின்றுவிட்டுப் போவார். மேப்பு முடிந்தது. குட்டி லாரிகள் பச்சையில் அருமையாக ஓடின. அன்றைக்குத்தான் சின்னண்ணன் முறுக்கு வாயோடு ஒரு தகவலை உதிர்த்தார்: வண்டி நிற்கும் காட்டிலெல்லாம் நெட்டே கிடையாது, வண்டியோடு போகிற ஆள் மரத்தடியில் நின்று ஒரு மெசேஜ் தட்டிவிட்டால் உண்டு.

மேப்பை விட்டுவிட்டு அடிக்கணக்கை எடுக்கலாமா என்று தேவிப்ரியா சென்னிமலைக்குப் போன் போட்டாள். சொன்னது சொன்னதுதான் என்று பதில் வந்தது. மறுநாள் காலையில் அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அவர் போர் ஓட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே போய்விட்டாள்.

அங்கே தோட்டக்காரர் செல்லமுத்து தவித்துக்கொண்டிருந்தார். எத்தனை அடியில் தண்ணி வரும் என்று கேட்டார். வேப்பமரத்துப் பக்கம் போட்டிருக்கலாமோ என்றார். கோபப்படுவார் என்று தேவிப்ரியா எதிர்பார்த்தாள். சென்னிமலையோ தாலாட்டுகிற குரலில் பேசினார்.

"எத்தன அடின்னு ஓட்டிப் பாத்தாத்தானுங்க தெரியும். ஒவ்வொரு ராடு எறங்கறப்பவும் வந்து மண்ணப் பாருங்க. போதும்னா கையக் காட்டுங்க, நிறுத்தீர்றோம். பாயிண்ட மாத்தோணுமா, மாத்திக்கலாம். உங்க தோட்டம், உங்க தண்ணி, இதுல என்னங்க கூச்சம்? நேரம் எத்தன ஆகுங்கறத மட்டும் எங்கிட்ட உட்ருங்க."

ரிக் வேப்பமரத்துக்கு நகர்ந்தது. தேவிப்ரியா மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"ஏனுங்கய்யா, அவருக்கு இத்தன தாராளமாக் குடுக்கறீங்க. அதையே நான் குடுத்தா வாங்கிக்க மாட்டேங்கறீங்களே?"

"அது வேற, இது வேற அம்மிணி," என்று அவர் ஆரம்பித்தார். அதற்குள் கம்ப்ரஸர் முழங்கியது. எப்படி வேறு என்பதை அவர் வாய் விளக்கிக்கொண்டேயிருந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. கம்ப்ரஸர் ஓய்ந்தபோது அவர் ராடு எண்ணப் போயிருந்தார்.

அடுத்த தடவை காட்டுகிற நாளில் முறுக்குப் பொட்டலத்தோடு சென்னிமலையே மாடியேறி வந்தார். செய்யவேண்டிய வேலைகள் சுவரில் கலர்கலர் அட்டைகளாய் வரிசையில் ஒட்டியிருந்தன. அடிக்கணக்கு எங்கேயோ நடுவில் கிடந்தது. அவர் அதைப் பிய்த்து உச்சியில் ஒட்டினார். மேப்பில் இன்னும் செய்யவிருந்த ஒப்பனை வேலையைக் கொண்டுபோய் அடியில் வைத்தார்.

"மாத்துனனாங்க?" என்று அவரே கேட்டுக்கொண்டார். "பாயிண்டத் தள்ளி வெச்சேன், அவ்வளவுதானுங்க."

காட்டிலிருந்து வரும் சாதாரண மெசேஜிலேயே அடிக்கணக்கைச் சேர்த்துவிட எத்தனை நாள் ஆகுமென்று விசாரித்தார். சாப்ட்வேர் எழுதும் பையன்கள் தங்களுக்குள் பேசி ஒரு கணக்கைச் சொன்னார்கள். அதைப் பாதியாக்கச் சென்னிமலையின் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. பிறகு "சரிங்க" என்று மூடிக்கொண்டது.

பொங்கல் கழிந்தது, வண்டிகள் மட்டும் கிளம்பின. இரண்டு ஆளுக்கான தோசையைப் பொன்னாத்தாள் ஒரே ஆளுக்குச் சுட்டுப் போட்டாள். கைப்பேசி சிணுங்கியது, மூன்று வண்டியின் அடிக்கணக்கும் வந்திருந்தது. சென்னிமலை அதைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு பொன்னாத்தாள் அடுப்படிப் பக்கம் திரும்பிய நேரமாய்ப் பார்த்து மாட்டுக்கொட்டகைக்கு நடந்து, தேவிப்ரியாவுக்குப் போன் போட்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

"அம்மிணி, எழுத்து சிறுசாவே இருக்கட்டும்னு நேத்துச் சொன்னேனில்லீங்க... அதக் கொஞ்சம் பெருசாக்கீரலாமுங்களா?"