வண்டிச் சத்தமும் இசக்கிமுத்துவின் கலயமும்

1. சொந்த வாகனம் உள்ளவர்

வேலைக்குப் போன முதல் நாளே என் மோட்டார் சைக்கிளைப் பனையேறிகள் நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் தொப்பியைக் கையில் பிடித்தபடி பின்னால் நடந்து வந்தேன். சாத்தான்குளத்துக்குக் கிழக்கே தேரிக்காடு முழுக்கச் செம்மணல். அதில் மாட்டுவண்டியே முனகும். நான் அரைச் சக்கரம் புதையும் வரை முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

பட்டாளத்தில் நான் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகும் டெஸ்பாட்ச் ரைடர். சண்டை முடிந்ததும் கையில் கொஞ்சம் ரூபாய் கொடுத்து நாசரேத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ரூபாயில் ராணுவ ஏலத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன். வேலை மட்டும் கிடைக்கவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. சங்கு குளிக்கிற தோணிக்காரர் ஒருவரிடமும் கேட்டேன். "நீந்தத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப கரையில நின்னு என்னத்தச் செய்வீரு?" என்றார். நியாயமான கேள்விதான்.

சாப்பாடு மாமனார் வீட்டில். அவர் மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். சாப்பிடும் முன் உரக்க ஜெபம் செய்வார். "ஆண்டவரே, இந்த மேசையில் உழைத்துச் சாப்பிடுகிறவர்களையும் மற்றவரையும் ஆசீர்வதியும்" என்பார். அந்த 'மற்றவர்' நான் ஒருவன்தான். ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்த ஆசீர்வாதத்தோடுதான் சோறு தின்றேன். என் மனைவி முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கும்.

அப்போதுதான் ஒரு கருப்பட்டிச் சங்கத்தில் பருவகாலச் சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் கேட்டார்கள். பங்குனி முதல் ஆடி வரை. சொந்த வாகனம் வேண்டும். மனுப் போட்ட மற்றவர்களிடம் சைக்கிள்தான் இருந்தது. என்னிடம் இன்ஜினே இருந்தது.

2. "ஒரு கேசு கூடவா இல்ல?"

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பனையில் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் கள். எங்கள் பக்கம் மதுவிலக்கு வந்த புதிது. பதநீர் லைசென்ஸ் வைத்திருப்பவன் கலயத்தில் கள் இருந்தால் லைசென்ஸ் போய்விடும். பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசைக்கு விடிலி என்று பெயர். காலையில் விடிலி விடிலியாகப் போய், கலயத்தில் மஞ்சள் தடவிய தாளை நனைத்துப் பார்ப்பது என் வேலை. தாள் சிவந்தால் சுண்ணாம்பு உண்டு.

என் எல்லையில் எல்லாத் தாளும் சிவந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனி பிறந்ததும் சங்கத்துச் செக்ரெட்டரி கூப்பிட்டார்.

"ஏம்வே, ஒரு கேசு கூடவா கெடைக்கல?"

"எல்லாரும் ஒழுங்கா இருக்காங்க, அண்ணாச்சி."

"தேரிக்காட்டுல எல்லாரும் ஒழுங்கா? இத நான் மேல சொன்னா என்னையில்லா சிரிப்பான். ஒரு கேசு பிடியும், அடுத்த பருவமும் ஒமக்குத்தான் வேல. இல்லாட்டா ஆடியோட வீட்டப் பாத்துப் போவும்."

வீடு என்றால் மாமனாரின் சாப்பாட்டு மேசை. அதை நினைத்ததும் யாரையாவது பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

3. நடந்து போன காலை

மறுநாள் வண்டியை வழக்கம்போலத் தேரி விளிம்பு வரை ஓட்டாமல், முன்னாலேயே ரோட்டோரம் ஒரு உடைமரத்தடியில் விட்டுவிட்டு நடந்தே போனேன். முதல் விடிலி இசக்கிமுத்துவுடையது. அவர் பனை உச்சியில் இருந்தார். அவர் மனைவி பொன்னம்மை அடுப்பில் ஓலையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு கலயம் பொங்கி நுரைத்துக்கொண்டிருந்தது. தாளை நனைத்தேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

பொன்னம்மை பயப்படவில்லை. கோபப்பட்டாள்.

"ஏன் ஐயா, இன்னிக்கு வண்டி சத்தத்தையே காணோம்? சத்தம் கேட்டிருந்தா இத இந்நேரம் அவுக கவுத்திருப்பாகள்லா?"

"கவுத்திருப்பாரா? எங்க?"

"எங்கயா? வாயிலதான்!"

தினமும் இசக்கிமுத்து சிவந்த கண்ணோடு எனக்குக் கும்பிடு போடுவார். அடுப்புப் புகை என்று பரிதாபப்பட்டிருக்கிறேன்.

"முந்தி இந்தக் கலயத்த நாலு பேரு பங்கு வச்சுக் குடிப்பாக. நீங்க சூப்ரவைசரா வந்த பொறவு, வண்டி சத்தம் கேட்டதும் ஒத்தையாளா அவுகளே மடமடன்னு குடிச்சிருதாக. ஒங்களாலதான் ஐயா எம் புருசன் குடி கூடிப்போச்சு!"

கேஸ் எழுதப் பேனாவை எடுத்தேன். அப்போது பனை உச்சியிலிருந்து குரல் வந்தது.

"ஏளா! ஆபீசர் ஜீப்பு வருது! கலயத்தப் பாரு!"

கீழே நான் நிற்பது அவருக்குத் தெரியாது. ஜீப்பில் வந்தவர் மதுவிலக்கு அதிகாரி. மோப்பத்துக்குப் பேர்போனவர். மணலில் கொட்டினால் வாடை அவரை நேராகக் கூட்டிவந்துவிடும். அவர் பிடித்தால் இசக்கிமுத்துவுக்கு லைசென்ஸ் போகும். ஒரு குற்றமும் இல்லை என்று மூன்று மாதம் சொல்லிவந்த எனக்கு வேலை போகும். குடிக்க வேண்டியவரோ பனை மேலே இருந்தார். பொன்னம்மை கலயத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் ஞானஸ்நானம் பெற்றவன். பட்டாளத்திலேயே ரம் தொடாதவன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். பொன்னம்மை கலயத்தைக் கழுவிய தண்ணீரை அடுப்புச் சாம்பலில் ஊற்றிவிட்டு, என் வாயில் இரண்டு சின்ன வெங்காயத்தைத் திணித்தாள்.

அதிகாரி வந்து பதநீர் இருந்த எல்லாக் கலயத்தையும் சோதித்தார். தாள் எல்லாம் சிவந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வண்டி எங்கே?"

"சத்தம் கேட்டா உஷாராயிடுவாங்க சார். ரோட்டிலேயே விட்டுட்டு நடந்து வந்தேன்."

"குட். கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"புகை சார்" என்றாள் பொன்னம்மை. "ஐயா விடியுமுன்ன வந்து இந்தப் புகையிலயே நிக்காக. பாவம்."

அதிகாரி என் தோளில் தட்டினார். இப்படி ஒரு ஆளைத் தான் பார்த்ததில்லை என்று செக்ரெட்டரியிடம் நேரில் போய்ச் சொன்னாராம். மரத்திலிருந்து இறங்கிய இசக்கிமுத்து காலிக் கலயத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று பகல் முழுவதும் உடைமரத்தடியில் படுத்துக் கிடந்தேன்.

கேஸ் ஒன்றும் பிடிக்காமலே அடுத்த பருவத்துக்கும் எனக்குத்தான் வேலை என்று உத்தரவு வந்தது. அந்தப் பருவத்தில் ஒரு மாற்றம் செய்தேன். ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, இன்ஜினை நன்றாக நாலு தடவை உறுமவிட்டு, ஒரு பீடியை நிதானமாகக் குடித்து முடித்துத்தான் தேரிக்குள் இறங்குவேன். அந்த அவகாசத்தில் இசக்கிமுத்து பக்கத்து விடிலிக்காரர்களையும் கூப்பிட்டுப் பங்கு வைத்துவிடுவார். அவர் குடி கால்வாசியாகக் குறைந்தது என்று பொன்னம்மையே சொன்னாள்.

புதிதாக மேற்பார்வை வேலைக்குப் போகிற பிள்ளைகளே, சத்தம் போட்டுக்கொண்டு போங்கள், மெதுவாகவும் போங்கள். எனக்குத் தெரிந்து மதுவிலக்கு கொஞ்சமாவது பலித்தது அந்தப் பீடி எரிகிற நேரத்தில்தான்.