செயின்ட் லூசியாவில் நின்ற படகு

இப்போது நான் வேலை செய்யும் வீட்டில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகும் முன் அவளுக்கு வெயில் கிரீம் பூசிவிடுவது என் வேலை. போன வாரம் பழையது தீர்ந்து, வேறு ஏதோ ஒன்று வாங்கி வந்திருந்தார்கள். மூடியைத் திறந்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. தேங்காயெண்ணெய் போல ஆரம்பித்து ஆஸ்பத்திரி போல முடிகிற ஒரு வாசனை. "ஆன்ட்டி, ஹரி அப்!" என்று குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு கத்துகிறது. நானோ பல வருஷம் பின்னால், ஜுமேராவில், ஒரு மாடி வில்லாவின் சமையலறையில் நின்றுகொண்டிருக்கிறேன்.

அந்த வில்லா இப்போது இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அங்கே நான் இருந்தது ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம். பிள்ளைகள் கிடையாது. எனக்கு அவர்கள் சார், மேடம், அவ்வளவுதான். நான் இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். என் வீட்டுக்காரரும் அப்போது துபாயில்தான் இருந்தார். அல் கூஸில் ஒரு கோடவுனில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை, கம்பெனி கேம்பில் ரூம். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் ஊரில் அக்காவிடம். புருஷனும் பெண்சாதியும் ஒரே ஊரில் வேலை செய்கிறோம் என்றால் ஊரில், எங்கள் லயத்து வீடுகளில் எல்லோருக்கும் பொறாமை. நாங்கள் பார்த்துக்கொண்டது வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் என்பதை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

பர் துபாயில், கடல் உள்ளே புகுந்து வரும் கிரீக் ஓரம், அப்ரா படகுகள் ஆள் ஏற்றும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்ச் இருந்தது. அதுதான் எங்களுக்கு. அவர் வடை வாங்கி வருவார். நான் மேடம் வீட்டில் மிஞ்சியதை அலுமினியத் தாளில் சுற்றிக் கொண்டுபோவேன். உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஃபோன் போடுவோம், பேசுவோம், தண்ணீரைப் பார்ப்போம். சாயங்காலம் ஆளுக்கொரு பஸ். எத்தனையோ வருஷம் இப்படியே போயிற்று.

ஒரு நாள் மேடம் சாப்பாட்டு மேசையில் வரைபடம் ஒன்றை விரித்து என்னைக் கூப்பிட்டார். சார் வேலையை விட்டுவிட்டார், பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறார், அதற்கு மேடத்தின் பெயரையே வைத்திருக்கிறார் என்றார். இரண்டு பேரும் விமானத்தில் போய், அங்கே கரீபியன் கடலில் படகிலேயே தீவு தீவாகப் போகப்போகிறார்களாம். விரலால் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஆன்டிகுவா, குவாடலூப், டொமினிக்கா, மார்டினிக், செயின்ட் லூசியா, கடைசியில் கிரெனடா. பாசிமணி அறுந்து தரையில் சிதறியது போலத் தீவுகள் கிடந்தன. கிரெனடாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் படகை அங்கே விட்டுவிட்டு விமானத்தில் திரும்பிவிடுவார்கள். சில மாதங்கள் ஆகும். "அதுவரைக்கும் உன் கணவர் இங்கே வந்து உன்னோடு இருக்கட்டும். வீட்டில் ஆள் இருந்தால் எங்களுக்கும் நிம்மதி" என்றார்.

எனக்கு வாயில் வந்தது "ஓகே மேடம்" மட்டும்தான். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். வேறு எதுவும் இங்கிலீஷில் வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது.

அவர்கள் கிளம்பும்போது ஒரு கூத்து. இங்கே எங்கள் ஆட்கள் யார் ஊருக்குப் போனாலும் அட்டைப்பெட்டிதான். டேப் ஒட்டி, நீலக் கயிறு குறுக்கும் நெடுக்கும் கட்டி, நாலு பக்கமும் மார்க்கரில் பெயர் எழுதுவோம். நானும் மேடத்துக்கு மிளகாய்த்தூள், மல்லித்தூள், அப்பளம் எல்லாம் வைத்து அப்படி ஒரு பெட்டி கட்டி, நாலு பக்கமும் அவர் பெயரை எழுதி வாசலில் வைத்திருந்தேன். சார் தலையைச் சொறிந்தார். படகில் அட்டைப்பெட்டி ஏற்றவே கூடாதாம், மடிப்புக்குள் கரப்பான் முட்டை இருக்குமாம். மேடம் சிரித்துக்கொண்டே கயிற்றை அறுத்து, எல்லாவற்றையும் துணிப்பைக்கு மாற்றினார். காலிப் பெட்டியை நான்தான் மடித்து வைத்தேன். வழியனுப்புகிற நேரத்தில் பெயர் எழுதிய பெட்டியை அறுத்தது மனதுக்கு என்னவோ போல் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் டூட்டி முடிந்து என் வீட்டுக்காரர் வந்தார், ஒரு பையோடு. பின்பக்க கேட்டில் நின்றுகொண்டு, "செருப்ப எங்குட்டு விடட்டும்?" என்று கேட்டார்.

"வீட்டுல ஆளே இல்லீங்க. தலையில வெச்சிக்கிட்டுக்கூட வாங்க" என்றேன்.

மாடியில் அத்தனை அறை இருந்தும், சமையலறையை ஒட்டி எனக்கென்று கொடுத்திருந்த சின்ன அறையில்தான் இருந்தோம். சோபாவில் உட்காரவில்லை. உட்கார வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் உட்காரவில்லை. நான் டீ போட்டால் இரண்டு பேரும் நின்றுகொண்டே குடிப்போம். யாரும் ஓட்டாத காரை அவர் தினமும் துடைப்பார். அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. பேச்சு வரவில்லை. கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகு ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம், "உப்பு போதுமா?", "போதும்", அதோடு முடிந்துவிடும். புதுப்பெண் மாதிரி எனக்குக் கூச்சம். அவருக்கு என்னைவிடக் கூச்சம்.

வெள்ளிக்கிழமை வந்ததும் இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளாமலே குளித்து, நல்ல உடுப்புப் போட்டு, பஸ் ஏறி அந்தப் பெஞ்சுக்குப் போய்விட்டோம். அங்கே உட்கார்ந்ததும் அவர் கோடவுன் சூப்பர்வைசரைப் போல நடித்துக் காட்டுகிறார், சின்னவனின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறார், நிறுத்தவே இல்லை.

"என்னாங்க, வீட்டுல வாயத் தொறக்க மாட்டேங்கிறீங்க. இங்க வந்தா மூட மாட்டேங்கிறீங்க?"

"அது மேடம் வீடு புள்ள" என்று சொல்லிப் பெஞ்சைத் தட்டினார். "இதுதான் நம்ம வீடு."

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை. போகும்போது சேர்ந்து போவோம். புதிதாக ஒன்று இருந்தது, வரும்போதும் ஒரே பஸ். அந்தப் பஸ் பயணத்துக்கு ஈடாக இன்றுவரை எனக்கு எதுவும் கிடைத்ததில்லை.

கப்பல், படகு எங்கே இருக்கிறது என்று காட்டும் ஆப் ஒன்றை மேடம் என் ஃபோனில் போட்டுக் கொடுத்திருந்தார். நீலக் கடலில் ஒரு சின்னப் புள்ளி, பக்கத்தில் மேடத்தின் பெயர். வரைபடத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தேன். டூட்டி விட்டு வந்ததும் என் வீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

"இன்னிக்கு எங்க நிக்கிறாங்க?"

"டொமினிக்கா."

"எல்லாம் வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட்காரனுக ஊரு. இன்னும் எத்தன பாக்கி?"

கீழே இருக்கும் தீவுகளை எண்ணுவோம். அவ்வளவுதான் எங்களுக்கு மிச்சமிருந்த காலம். படகு ஒரு துறைமுகத்தில் நின்றுவிட்டால் எங்களுக்கு நல்ல நாள். புள்ளி தண்ணீரில் நகர்ந்துகொண்டிருந்தால் சாப்பாடு இறங்காது. "அங்க காத்தே அடிக்கக் கூடாதுடா முருகா. அடிக்கிறதுன்னா இங்க அடி, வெக்கையாச்சும் கொறையும்" என்பார்.

துபாய் வந்ததிலிருந்து அவரை எனக்கு உட்கார்ந்த கோலத்தில்தான் தெரியும். பெஞ்சில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார், நான் பஸ் ஏறிய பிறகுதான் எழுந்து போவார். வில்லாவில்தான் அவர் படி ஏறுவதைப் பார்த்தேன். மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனவர் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே என்ன பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா இப்பிடி?"

"மூட்ட தூக்கறவனுக்கு இதெல்லாம் இருக்கறதுதான். ஒரு மாதிரி அடைக்கும், செத்த நின்னா சரியாப் போயிரும்."

தனியாக அவர் டாக்டரிடம் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்கு லீவு வெள்ளிக்கிழமை, அன்று பக்கத்தில் இருந்த கிளினிக் மூடியிருக்கும். மற்ற நாளில் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போக எனக்குக் கிடைத்ததே இந்தச் சில மாதங்கள்தான். கிரெனடா வருவதற்குள் போய்விட வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒரு திங்கட்கிழமைக்குச் சம்மதிக்க வைத்தேன்.

அந்த வாரம்தான் புள்ளி செயின்ட் லூசியாவில் நின்றது. மறுநாளும் அங்கேயே. அதற்கடுத்த நாளும். மேடத்திடமிருந்து படங்கள் வருவதும் குறைந்திருந்தது. முன்பெல்லாம் இரண்டு பேரும் தொப்பியோடு பல் தெரியச் சிரிப்பார்கள். பிறகு மேடம் மட்டும். பிறகு ஆள் இல்லாத கடல். "ரெண்டு பேரும் சேந்த படத்தையே காணோமே" என்று அவர் ஒரு தரம் சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படகு நிற்கிறது, எனக்கு அது போதும். சூடம் கொளுத்தினால் புகை அலாரம் அலறும் என்று முருகன் படத்துக்கு விபூதி மட்டும் வைத்தேன். திங்கட்கிழமை காலையில் அவர், "படகுதான் நிக்குதே புள்ள. இன்னிக்குக் கோடவுன்ல லோடு இருக்கு. அடுத்த வாரம் போவோம்" என்றார். நானும் சரி என்றேன். புள்ளி அசையவில்லை அல்லவா, எங்களுக்கு ஏராளமாக நேரம் இருப்பதாக நினைத்தோம்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் அவர் பனியனோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். முன்கதவு திறக்கும் சத்தம். மேடம் நிற்கிறார், கையில் அந்தத் துணிப்பை ஒன்று மட்டும். முகமெல்லாம் வெயிலில் கறுத்து, அந்தக் கிரீம் வாசனையோடு.

நான் ஃபோனைப் பார்த்தேன். புள்ளி செயின்ட் லூசியாவிலேயே இருந்தது. அது படகின் புள்ளி. மேடத்தின் புள்ளி என்று நாங்களாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

"சார்?" என்று கேட்டேன்.

"படகில் இருக்கிறார். அங்கேயே இருக்கட்டும்" என்றார். பையைக் கீழே வைத்துவிட்டு, "அவ்வளவு பெரிய கடல். ஆனால் அந்தப் படகில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க இடமே இல்லை" என்று சொல்லி அழுதார். எங்கள் சின்ன அறையும் பெஞ்சும் என் நினைவுக்கு வந்தன. "டீ, மேடம்?" என்றேன்.

அதற்குள் என் வீட்டுக்காரர் சட்டை போட்டுத் தன் பையைக் கட்டிவிட்டார். இந்த வாரம் இருக்கட்டும் என்று மேடமே சொல்லியும் கேட்கவில்லை. பின்பக்க கேட்டில் என்னிடம், "அவங்க அழுதுக்கிட்டு இருக்கையில நாம ரெண்டு பேரும் சோறு பெசஞ்சு திங்க முடியுமா? வெள்ளிக்கெழமதான் வருதே" என்றார். பாதி துருவிய தேங்காய் தரையிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமைகள் சில வந்தன. அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் பேச்சை எடுத்தால் சூப்பர்வைசரைப் போல நடித்துக் காட்டினார். பிறகு ஒரு காலையில் கேம்ப் வாசலில், டூட்டி பஸ்ஸில் ஏறக் கால் வைத்தவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்தாராம். பின்னால் நின்றவர்கள், "யல்லா, யல்லா, ஏறு பாய்" என்று அவசரப்படுத்தியிருக்கிறார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

ஊருக்கு நான் அவரோடு ஒரே விமானத்தில் போனேன். பெட்டியின் மேல் அவர் பெயரை மார்க்கரில் எழுதியிருந்தார்கள்.

மேடம் வில்லாவைக் காலி செய்துவிட்டுத் தன் நாட்டுக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது கண்ணாடி வைத்த உயரமான கட்டடம் ஒன்று நிற்கிறது. கிரீக் ஓரத்துப் பெஞ்சை எடுத்துவிட்டு வழவழப்பான கல் பதித்து, காப்பிக் கடை போட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகூட இல்லை. லீவு ஞாயிறுக்கு மாறிவிட்டது. வெள்ளியன்று நான் இப்போது துணி தேய்க்கிறேன்.

ஃபோன் எத்தனையோ மாற்றிவிட்டேன், அந்த ஆப்பை மட்டும் ஒவ்வொன்றிலும் போட்டுக்கொள்கிறேன். குழந்தையை நீச்சலுக்கு இறக்கிவிட்டு அன்றைக்கும் பார்த்தேன். படகுக்கு இன்னும் மேடத்தின் பெயர்தான். சார் அதில் இருக்கிறாரா, விட்டுவிட்டுப் போய்விட்டாரா, தெரியாது. செயின்ட் லூசியாவில், அதே இடத்தில் நிற்கிறது. நாங்கள் அன்று வேண்டிக்கொண்டபடியே, அது இப்போது நகர்வதே இல்லை.