ஜக்சன் சலூனில் முடிவு சொல்லத் தடை

திருகோணமலை உட்துறைமுக வீதியில் சலூன் வைத்திருக்கும் ஜக்சனுக்கு ஒரு சாபம்: எந்தப் படத்தையும் அவன் முடிவு தெரியாமல் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பான்? சலூன் வாங்கில் எந்நேரமும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். முடி வெட்ட வந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், படம் பற்றி அளக்க வந்தவர்கள். ட்ரெயிலர் வந்தால் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கதாநாயகி எப்போது சாவாள் என்று தீர்ப்பே எழுதிவிடுவார்கள். ரீமேக் என்றால் சொல்லவே வேண்டாம். மூலப் படத்தை ஃபோனில் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வருவார்கள்.

அதையெல்லாம் ஜக்சன் சாப்பாட்டு மேசையில் மனைவி தினுஷாவிடம் ஒப்புவிப்பான். பாவம், அவளுக்கும் அதே சாபம்.

இந்த முறை அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இஞ்சருங்கோ, கலியாண நாளுக்கு அந்தக் கொலைப் படத்துக்குப் போவம். ஆர் கொலைகாரன் எண்டு எனக்குத் தெரியக் கூடாது. ஒருக்காவாவது பயந்து பயந்து பார்க்கோணும். வாயைத் திறந்தியளெண்டா இனி உங்களுக்குப் பக்கத்தில இருந்து படம் பார்க்கமாட்டன்."

அதுவோ மலையாளப் படம் ஒன்றின் ரீமேக். முடிவு காதில் விழாமலிருக்க ஜக்சன் படாத பாடு பட்டான். கிண்ணியாவிலிருந்து வந்த பாஹிம் ஒருநாள் சவரக் கதிரையில் சாய்ந்தபடி, "ஜக்சன் அண்ணன், மலையாளத்தில கொலைகாரன் ஆரெண்டா..." என்று தொடங்கினான்.

ஜக்சன் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டான். பாதித் தாடிதான் போயிருந்தது. "சொல்லு. சொல்லிப்போட்டு இப்படியே கிண்ணியாவுக்கு பஸ் ஏறு."

பாஹிம் மிச்சத் தாடியை நீட்டினான்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சூசைப்பிள்ளைக்குத்தான் பொறுக்கவில்லை. "சலூனில படம் கதைக்காம ஜெபமாலையா சொல்லுறது?"

"சொல்லுங்கோ, நல்லதுதானே."

கோபித்துக்கொண்டு போன மனிதர் மறுநாளே வந்துவிட்டார். வேறு எங்கே போவார்?

ஒருவழியாக அந்த நாள் வந்தது. தியேட்டரில் தினுஷா புதுச் சேலையோடு கதிரை நுனியில் இருந்து, அவன் கையை இறுகப் பிடித்திருந்தாள். முதல் காட்சியிலேயே கொலை. கொலைகாரனின் முகம் காட்டவில்லை, பின்மண்டையை மட்டும் காட்டினார்கள். ஜக்சனுக்கு ஒரே சந்தோஷம். அவனுக்கும் ஒன்றும் தெரியாது!

கொஞ்ச நேரத்தில் செத்தவளின் அண்ணன் பிரேதத்தின் மேல் விழுந்து அழுதான். கமெரா அவன் முதுகுப் பக்கமாகப் போனது. காலமெல்லாம் ஊர்த் தலைகளைப் பின்னாலிருந்து பார்த்தே பழகிய கண் ஜக்சனுடையது. வாய் தன்பாட்டில் திறந்தது.

"அட! அதே இரட்டைச் சுழியெல்லோ!"

தியேட்டரே திரும்பிப் பார்த்தது. பின்வரிசையிலிருந்து பாஹிமின் குரல் வந்தது: "அண்ணன், என்னைப் பாதித் தாடியோட அனுப்பப் பார்த்தீங்களே!"

தினுஷா கையை இழுத்துக்கொண்டாள். "அவன்தானே?"

"எனக்குத் தெரியாதப்பா, மாதா சத்தியமா..."

"அவன்தான்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வாயைப் பூட்டச் சொன்னன். நீங்கள் சலூனையே பூட்டாம இஞ்ச கொண்டு வந்திட்டியள்."

இடைவேளை முடிந்ததும் அவள் முன்வரிசையில் போய்த் தனியே உட்கார்ந்துகொண்டாள்.