காப்புக் கட்டின வாரம்

எங்கள் தேயிலை எஸ்டேட் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் கையில் மஞ்சள் காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கிற வரைக்கும் எஸ்டேட் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, தார் ரோட்டோரம் இருக்கிற இரும்புக் கேட்டுதான். அந்த வருஷம் நான் மகளுக்காக நேர்ந்திருந்தேன். கோலாலம்பூர் காலேஜில் அவளுக்குக் கடைசி வருஷம். பாஸ் பண்ணி எங்கள் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராக வந்துவிட வேண்டும் என்பது வேண்டுதல். அவள் அப்பா போன பிறகு எனக்கு அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

லீவுக்கு வந்தவள் போக்கே சரியில்லை. நெற்றி வெறுமையாக இருந்தது. கேட்டால் பேச்சை மாற்றினாள். சோறு போட்டதும் தட்டுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டாள். என் சமையலைப் பார்க்கப் பிடிக்கவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன். நான் காப்புக் கட்டின மறுநாளிலிருந்து, சாயங்காலமானால் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ரிங்லெட் டவுனில் ஒரு பங்களாவில் காலேஜ் பிள்ளைகள் வந்து தங்கியிருக்கிறார்களாம், பார்த்துவிட்டு வருகிறாளாம்.

கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு நானும் பின்னாலேயே கேட்டு வரைக்கும் போவேன். ஒரு வெள்ளை வேன் வந்து நிற்கும். ஓட்டுகிறவன் ஒரு சீன ஆள். இறங்கி வந்து இவளுக்குக் கதவைத் திறந்துவிடுவான். துரைக்குத்தான் அப்படித் திறந்துவிட்டுப் பார்த்திருக்கிறேன். கூலிக்காரி மகளுக்கு ஒருத்தன் எதற்குக் கதவைத் திறக்கணும்? வேன் பனிக்குள் போய் மறையும். நான் காப்புக் கட்டின கையால் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஓர் அடி எடுத்து வைத்தால் ரோடு. ஆனால் வேண்டுதலே அவளுக்காக ஆச்சே.

எதிர் வீட்டு அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா? தண்ணீர்க் குழாயடியில் எல்லாரும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"நல்லாருக்கு லா. நீ எல்லைக்குள்ள காவல் இருக்க, ஒன் மக வேன்ல தாண்டிக்கிட்டு இருக்கா."

பால்குடத்துக்கு முந்தின நாள் துணிந்து கேட்டேன். எனக்கு ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது, பெற்ற மகளானாலும் சரி. அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அந்த வேன்காரன் யாரு?"

"வேன் ஓட்டுறவரும்மா."

அப்புறம் அவளாகவே சொன்னாள். தான் ஏசுவை நம்புகிறாளாம். டீச்சர் வேலைக்குப் போகப் போவதில்லையாம். காலேஜ் பிள்ளைகள் மத்தியில் ஊழியம் செய்யத் தன்னை ஏசு கூப்பிடுகிறார் என்றாள். ஊழியம் என்றால் என்ன வேலை என்று கேட்டேன். பைபிள் சேர்ந்து படிப்பது, ஜெபம் பண்ணுவது, தனியாகத் தவிக்கிற பிள்ளைகளோடு போய் உட்கார்ந்திருப்பது என்றாள்.

"உக்காந்திருக்கிறது ஒரு வேலையா? அதுக்கா நான் படிக்க வச்சேன்?"

"காலேஜுக்குப் போன புதுசுல எனக்கு இங்கிலீஷ் வராதும்மா. எல்லாரும் சிரிச்சாங்க. கதவைச் சாத்திக்கிட்டு அழுவேன். லீவுக்கு வந்தப்ப ஒன்கிட்ட சொல்லலை. ஒரு அக்கா தினமும் வந்து பக்கத்துல உக்காந்திருக்கும். அதான் ஓடி வராம இருந்தேன்."

சும்மா யாராவது வந்து உட்காருவார்களா? அந்த அக்காவுக்கு என்ன வேணுமாம்? கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிப்போனது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகத்தான் இந்த ஏற்பாடெல்லாம் என்று நினைத்தேன்.

மறுநாள் பால்குடம் எடுத்துவிட்டுக் கோயிலுக்கு வெளியே வந்தபோது, பாதையோரத் திண்டில் மகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் என் செருப்பும் ஸ்வெட்டரும். உள்ளே வரவில்லை. ஆனால் நான் குடத்தோடு நடந்த வழியெல்லாம் ஓரமாகக் கூடவே நடந்து வந்தாள் என்று எதிர் வீட்டு அக்காதான் சொன்னாள்.

பூசாரி காப்பை அவிழ்த்த அன்று சாயங்காலம், அவளுக்கு முன்னாலேயே கேட்டைத் தாண்டிப் போய் நின்றேன். வேன் வந்தது. அந்த ஆள் எனக்கும் கதவைத் திறந்துவிட்டான். ரிங்லெட் வரைக்கும் அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு போனேன்.

பங்களாவில் பிள்ளைகள் கித்தார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை மட்டும் படிக்கட்டில் ஒண்டியாக, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தது. மகள் பாட்டுப் பக்கம் போகவில்லை. அந்தப் பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பாட்டு முடிந்து தேத்தண்ணி கொடுத்தார்கள். அப்போதும் மகள் எழுந்திரிக்கவில்லை. கடைசியில் அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்தி, இவள் தோளில் சாய்ந்தது.

என் மகள் அழுதபோது நான் மலைமேல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது டீச்சர் வேலையைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. வேன்காரனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்டேன்.